ஆலங்கண்டிகை ஹால்ட்டுக்கு இருநூற்றைம்பது வார்த்தை

பத்தரை மணிக்கே தாட்சாயணி டி.வி.க்கு எதிரே பாயை விரித்து இடம் பிடித்துவிட்டாள். பார்லிமெண்ட் கூடுவது பதினோரு மணிக்கு. அதற்குள் யாராவது வந்து வேறு எதையாவது போட்டுவிட்டால், கையில் கட்டோடு சண்டையும் பிடிக்க முடியாது.

புத்தூரில் எலும்பு முறிவுக்குக் கட்டு போட வருகிறவர்கள் தங்குவதற்கென்று வாடகைக்கு விடும் வீடுகளில் அது ஒன்று. ஐந்து அறை, ஒரு கூடம், கூடத்தில் ஒரு டி.வி. வீட்டுக்காரி வசந்தா ரிமோட்டை இடுப்பில் செருகிக்கொண்டுதான் சமையல் வேலையே பார்ப்பாள். தாட்சாயணியின் ஊர் ஆலங்கண்டிகை ஒன்றும் தூரமில்லை. ஆனால் இடது முழங்கைக்கு மூங்கில் பத்தை வைத்துக் கட்டினவர், ஒரு வாரத்துக்கு ஆட்டோவில் குலுங்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஷேர் ஆட்டோவிலிருந்து விழுந்துதான் அந்தக் கையே உடைந்தது. பிதுங்கி வழிந்த ஆட்டோவில் ஓரமாகத் தொத்திக்கொண்டு, புத்தூர் ஸ்டேஷனில் ரயிலைப் பிடிக்க ஓடி வந்த நாளில் விழுந்தாள். அந்த ரயில் முன்னே அவள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் நின்றுகொண்டிருந்த ரயில்தான்.

"பதினோரு மணிக்கு நேத்து சீரியல் மறுபடி போடுவாங்க. நான் தூங்கிட்டேன், பாக்கல," என்றார் முனிகிருஷ்ணன். ராமகுப்பத்திலிருந்து வந்தவர். பட்டுப்பூச்சி வளர்க்கிறவர். பூச்சித் தட்டு அடுக்கின மரச் சட்டம் சாய்ந்து, கால் எலும்பு இரண்டாகப் போயிருந்தது. காலை ஒரு ஸ்டூல் மேல் தூக்கி வைத்துக்கொண்டு, கூடத்துக்கே தலைவர் மாதிரி உட்கார்ந்திருப்பார்.

தாட்சாயணி திருப்பதியில் ஒரு துணிக்கடையில் பத்தொன்பது வருஷம் வாடிக்கைக்காரர்களிடம் பேசினவள்தான். ஆனால் தனக்காக ஒன்று கேட்க வேண்டுமென்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். வசந்தாதான் அடுப்படியிலிருந்தே சொன்னாள்.

"இன்னைக்கி ஒரு நாளு அதுக்கு உடுங்கண்ணா. அவுங்க ஊரு பேரு டில்லில சொல்லப் போறாங்களாம்."

"எந்த ஊரு?"

"ஆலங்கண்டிகை."

"அப்பிடி ஒரு ஊரு இருக்குதுன்னு எனக்கே இப்பத்தான் தெரியுது," என்றார் முனிகிருஷ்ணன். ஆனாலும் விட்டுக்கொடுத்தார்.

ஊர்ப் பெயர் சொல்லப்படுவது பெருமைக்காக அல்ல. கொரோனா வந்தபோது, காலை ஏழு பத்துக்குத் திருப்பதி போகிற பாசஞ்சர் நின்றுபோனது. திரும்பி ஓடத் தொடங்கினபோது அதற்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர் வைத்துவிட்டார்கள். நகரியில் நிற்கும், புத்தூரில் நிற்கும், நடுவில் இருக்கிற சின்ன ஸ்டேஷனான ஆலங்கண்டிகை ஹால்ட்டில் நிற்காது. ஊர்ப் பெண்கள் ரயில்வேக்கு இரண்டு முறை அர்ஜி எழுதிக் கொடுத்தார்கள். இரண்டாவதற்கு ஒரே வரியில் பதில் வந்தது. இந்த நிறுத்தம் வேண்டுமென்று கோரிக்கை எதுவும் பதிவில் இல்லை, டிக்கெட் கொடுக்கிற அறையை இந்த வருஷக் கடைசியில் இடித்துவிடலாம் என்று.

கேட்டவர்களுக்கே கேட்கவில்லை என்று பதில் போட்டது தாட்சாயணிக்கு மூன்று நாள் சோறு இறங்காமல் செய்தது. ஸ்ரீபெரும்புதூரில் வேலை பார்க்கும் அவள் மகன் விஷ்ணுவர்தன், இனி அங்கே என்ன இருக்கிறது, தை பிறந்ததும் வீட்டைப் பூட்டிக்கொண்டு என்னோடு வந்துவிடு என்றான். திருப்பதி துணிக்கடை முதலாளியும் கெட்டவர் இல்லை. கை சரியானதும் வரலாம், ஆனால் ஒன்பதே காலுக்குக் கடையில் இருக்க வேண்டும் என்றார். ஆலங்கண்டிகையில் ரயில் நின்றால் இருக்கலாம். நிற்காவிட்டால் பூட்ட வேண்டியதுதான்.

அப்புறம்தான் எம்.பி. மேடத்தைப் போய்ப் பார்த்தார்கள். நானூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து. மேடத்தின் உதவியாளன் யஸ்வந்த் நல்ல பையன். போன வாரம் போன் செய்து தெலுங்கில் விவரமாகச் சொன்னான். தொகுதிக் குறைகளைச் சொல்ல ஒவ்வொரு நாளும் சில மெம்பர்களுக்கு வாய்ப்பு வரும், மேடத்துக்கு இந்த வியாழக்கிழமை வந்திருக்கிறது. சபையில் பேசிவிட்டால் அது பதிவாகிவிடும். அமைச்சகம் பதில் எழுதியே ஆக வேண்டும், கேட்கவில்லை என்று அப்புறம் யாரும் சொல்ல முடியாது. ஆனால் இருநூற்றைம்பது வார்த்தைக்கு மேல் போகக் கூடாது. வெள்ளிக்கிழமையோடு கூட்டம் முடிகிறது, இதை விட்டால் அடுத்த கூட்டத்துக்கு மாதக் கணக்காகும்.

தாட்சாயணி எழுதி வைத்திருந்தது பதினோரு பக்கம்.

கன்னிகா அதைக் குறைக்க உட்கார்ந்தாள். கன்னிகா முன்னே அதே ஆலங்கண்டிகையில் ஏறி, திருப்பதியில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு டைப் அடிக்கப் போனவள். ரயில் நின்றுபோனதும் குடும்பத்தோடு வடமாலபேட்டைக்கு வீடு மாற்றிக்கொண்டு போய்விட்டாள். மூன்று சாயங்காலம் இரண்டு பேரும் போனில் வெட்டினார்கள்.

வெட்ட வெட்டத்தான் தாட்சாயணிக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. பின்னாலிருந்து மூன்றாவது பெட்டி. சம்பங்கிக் கூடையோடு ஏறும் மணியம்மா, கூடையை வாசலருகே வைத்ததும் பெட்டி முழுக்கக் கோயில் வாசனை வரும். அதை முதல் நாளே வெட்டினார்கள். திங்கட்கிழமை பூண்டு உரிக்கிற நாள். வாரத்துக்கு வேண்டியதை ஆளுக்கு ஒரு படி கொண்டுவந்து எல்லோரும் சேர்ந்து உரிப்பார்கள், ரேணிகுண்டாவில் ஏறுகிற காலேஜ் பெண்கள் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். அதுவும் போயிற்று. கன்னிகாவின் நிச்சயதார்த்த ரவிக்கைக்கு ஊக்கு தைக்க நேரமில்லாமல், அன்று காலை ரயிலிலேயே நாலு பேர் ஆளுக்கு இரண்டு ஊக்கு தைத்தார்கள். இறங்கும்போது பார்த்தால் ஒன்று மேலே, ஒன்று கீழே. ஒரு பக்கம் தோள் ஏறினாற்போலத்தான் அவள் நிச்சயதார்த்த போட்டோ இன்றைக்கும் இருக்கிறது. அதை வெட்டும்போது இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து, போன் வைக்கவே அரை மணி ஆனது.

கடைசியில் ஒரு வரி மிஞ்சியது. 'வீடும் இல்லாமல் கடையும் இல்லாமல், எங்களுக்கென்று ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் அந்த ரயிலில் இருந்தது.' யஸ்வந்த் அதையும் எடுக்கச் சொன்னான். ரயில்வேக்கு அதனால் என்ன என்றான். கன்னிகா கேட்கவில்லை. எண்ணிப் பார், இருநூற்று நாற்பத்தெட்டுதான் வருகிறது, உனக்கென்ன என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

பதினோரு மணிக்குச் சபை கூடியது. சபாநாயகர் வந்து நிற்க, எல்லோரும் எழுந்து கும்பிட்டு உட்கார்ந்தார்கள். கேமரா வரிசை வரிசையாகப் போகும்போது, நாலாவது வரிசையில் எம்.பி. மேடம் தெரிந்தார். கிளிப்பச்சை உடம்பு, கத்தரிப்பூ நிறக் கரை. வெங்கடகிரிச் சேலை. முந்தானையில் கரைக்கு மேலே மெல்லிசாக ஒரு வெள்ளி இழை. தாட்சாயணியின் கண் முதலில் ஆளைப் பார்க்கவில்லை, சேலையைத்தான் பார்த்தது. பத்தொன்பது வருஷப் பழக்கம் அது.

முதல் கேள்வி ஏதோ துறைமுகம் பற்றியது. இரண்டாவது கேள்வி பட்டுக்கூடு விலையைப் பற்றி வந்துவிட்டது. அதுவரை கண்ணை மூடிக்கொண்டிருந்த முனிகிருஷ்ணன் நிமிர்ந்தார். பட்டு நூல் எடுக்கிற பாய்மார்களோடு பேரம் பேசிப் பேசி அவருக்கு இந்தி நன்றாகவே புரியும். வெளியூர் நூல் வந்து நம் கூட்டு விலை விழுகிறதே, என்ன செய்கிறீர்கள் என்று ஒரு மெம்பர் கேட்க, மந்திரி ஒரு காகிதத்தைப் பார்த்துப் படித்தார்.

"இவரு பட்டுக்கூட்ட கையில புடிச்சிருப்பாரா?" என்று முனிகிருஷ்ணன் டி.வி.யைக் கேட்டார். பக்கத்து அறைகளிலிருந்து தோளில் கட்டு போட்டவர் ஒருவரும், விரலில் கட்டு போட்டவர் ஒருவரும் எட்டிப் பார்த்தார்கள். வசந்தா காய் நறுக்க அரிவாள்மணையோடு கூடத்துக்கே வந்துவிட்டாள்.

மந்திரி பதிலை முடிப்பதற்குள் சத்தம் தொடங்கியது. வேறு ஏதோ விஷயத்துக்காக ஒரு பக்கத்துக் கட்சிகள் எல்லாம் எழுந்தன. சபாநாயகர் உட்காரச் சொன்னார், கேள்வி நேரம் உங்கள் நேரம்தான் என்றார். கேட்பாரில்லை. பன்னிரண்டு மணி வரை ஒத்திவைத்தார்கள். பன்னிரண்டுக்குக் கூடி, மந்திரிகள் ஒவ்வொருவராக எழுந்து ஏதேதோ அறிக்கையை மேசை மேல் வைப்பதாகச் சொல்லி உட்கார்ந்தார்கள். மறுபடி சத்தம். இரண்டு மணி வரை ஒத்திவைப்பு. திரையில் பார்லிமெண்ட் கட்டடமும் ஒரு எழுத்து வரியும் மட்டும் நின்றன.

"எங்க ஊர்ல மாடு முட்டிக்கினா கூட இவ்ளோ நேரம் ஆவாது," என்றார் முனிகிருஷ்ணன்.

வசந்தா எல்லோருக்கும் சோறு போட்டாள். தாட்சாயணிக்கு ஒரு கையால் பிசைய வரவில்லை, இறங்கவும் இல்லை. "துன்னுடி, டில்லி எங்கயும் ஓடிப் போவாது," என்று வசந்தாவே ரசத்தை ஊற்றிப் பிசைந்து வைத்தாள்.

இரண்டு மணிக்கு வேறு ஒருவர் சபாநாயகர் நாற்காலியில் இருந்தார். கேமரா அவரை விட்டு நகரவே இல்லை. ஆனால் கீழேயிருந்து கூச்சல் கேட்டது. திரையின் அடியில் அட்டைகளின் நுனிகள் ஆடின. ஒரு நொடி கேமரா அகலமாகக் காட்டியபோது தாட்சாயணி பாயில் முன்னால் நகர்ந்தாள். நடுவில் இறங்கி அட்டை பிடித்து நின்ற கூட்டத்தில் அந்தக் கிளிப்பச்சை.

முனிகிருஷ்ணனும் பார்த்துவிட்டார். "அதானே உங்க மேடம்? காலைல உக்காந்துகினு இருந்துச்சே. சரியாப் போச்சு. உங்க ஊருக்காகப் பேச வேண்டியவங்களே கத்திக்கினு நிக்கிறாங்க. பின்ன யார் பேசுவாங்க, யார் கேப்பாங்க?"

கட்சி இறங்கச் சொன்னால் இறங்கித்தான் ஆக வேண்டும் என்று விரலில் கட்டு போட்டவர் சொன்னார். தாட்சாயணிக்கு அது காதில் ஏறவில்லை. நானூற்றுப் பன்னிரண்டு கையெழுத்தையும் தன் கையாலேயே வாங்கியிருந்தாள். கைநாட்டு வைத்த மணியம்மாவின் பெருவிரலை மையில் தோய்த்ததுகூட அவள்தான்.

அப்போது நாற்காலியில் இருந்தவர் கூச்சலுக்கு மேலே ஒரு காகிதத்தை இங்கிலீஷில் மளமளவென்று படித்தார். முனிகிருஷ்ணன் கையை உயர்த்தி எல்லோரையும் அமைதியாக்கினார். இந்தியில் அதைத் திரும்பச் சொன்னபோது காதைக் கூர்மையாக வைத்துக் கேட்டார்.

"இன்னைக்கி ஊர்க் கொறை சொல்றதுக்கு பேரு வந்தவங்க யாரும் படிக்க வேணாமாம். எழுதினத மேசை மேல வெச்சா போதும், பேசின மாதிரியே கணக்காம். ஆனா இருவது நிமிசத்துல அவுங்களே நேர்ல வந்து கைல குடுக்கணும். குடுக்காதவங்களுது இல்லாத மாதிரி."

"இல்லாத மாதிரின்னா?" என்றாள் வசந்தா.

"போச்சுன்னு அர்த்தம்."

நாற்காலியில் இருந்தவர் அடுத்ததாக ஒரு மசோதாவை எடுத்தார். கூச்சலோடேயே ஆமாம் என்கிறவர்கள் ஆமாம் சொல்லவும், இல்லை என்கிறவர்கள் இல்லை சொல்லவும் கேட்டார். எது ஆமாம், எது இல்லை என்று அங்கே யாருக்குப் புரிந்ததோ. நிறைவேறியது என்றார்.

தாட்சாயணி மசோதாவைப் பார்க்கவில்லை. திரையின் கீழ் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்காலிக்குக் கீழே ஒரு நீள மேசை, அதில் அதிகாரிகள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். மேசையின் விளிம்பு மட்டும் தெரிந்தது. அட்டைகளுக்கு நடுவே ஒரு கை நுழைந்தது. முகம் இல்லை, தோள் இல்லை. முழங்கை வரைக்கும் கை, அதில் வழிந்த முந்தானையின் ஓரம், விரலிடுக்கில் மடித்த வெள்ளைத் தாள். ஓர் அதிகாரி தலை நிமிராமலே வாங்கி அடுக்கில் வைத்தார். கை மறைந்தது. கேமரா மாறியது. சபை நாளை வரை ஒத்திவைக்கப்பட்டது.

"குட்த்துட்டாங்க," என்றாள் தாட்சாயணி. காலையிலிருந்து கூடத்தில் அவள் தானாகச் சொன்ன முதல் வார்த்தை அது.

"யாரு குட்த்தாங்க? ஒரு கைதானே வந்துச்சு," என்றார் முனிகிருஷ்ணன்.

"மேடம் கைதான். கத்தரிப்பூக் கரை. அதுக்கு மேல வெள்ளி இழை ஒண்ணு போவுது."

"அங்க ஆயிரம் பொம்பளைங்க, ஆயிரம் சேலை."

"அந்தக் கரைக்கு வெள்ளி இழை போட மாட்டாங்கண்ணா. தங்க ஜரிகைதான் போடுவாங்க. சொல்லி நெய்ய வெச்சாத்தான் வரும். நான் மடிச்ச சேலைல எதுலயும் அத பாத்ததில்ல."

முனிகிருஷ்ணன் சிரிக்கவில்லை. கூட்டைக் கையில் உருட்டிப் பார்த்தே நூல் எத்தனை முழம் வரும் என்று சொல்கிறவர் அவர். நடுவில் இறங்கி நின்றதால்தான் அந்த மேசை கைக்கெட்டியிருக்கிறது, நாலாவது வரிசையிலேயே இருந்திருந்தால் அந்தக் கூட்டத்தைத் தாண்டி வந்திருக்கவே முடியாது என்று அவரே சொன்னார்.

ஆனாலும் உறுதியில்லை. கையில் இருந்தது வேறு தாளாக இருக்கலாம். யஸ்வந்த் போனை எடுக்கவில்லை. மூன்று மணி ஆயிற்று, நாலு ஆயிற்று. வசந்தா ரிமோட்டைக் கொண்டுவந்து முனிகிருஷ்ணனிடம் கொடுத்தாள், சீரியல் போட்டுக்கொள்ளுங்கள் என்றாள். அவர் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். கட்டுப் போட்ட கை உள்ளே அரித்தது. தாட்சாயணி கரைக்கு மேலே போன அந்த ஒரு இழையைக் கண்ணுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தாள்.

ஐந்தேகாலுக்குக் கன்னிகா வந்தாள். வடமாலபேட்டையிலிருந்து பஸ்ஸில் வந்து, வாசலிலேயே செருப்பைக் கழற்றி எறிந்தாள். யஸ்வந்த் அவள் போனுக்குத்தான் அனுப்பியிருந்தான். சபையில் அன்று வைக்கப்பட்டவற்றின் பட்டியல், அதோடு எம்.பி. கொடுத்த தாளின் நகல். இருபது பேரில் ஒன்பது பேர்தான் நேரத்துக்குக் கொடுத்திருந்தார்கள்.

"ஏழாவதுடி," என்றாள் கன்னிகா. "நம்முது ஏழாவது."

தாட்சாயணி போனை வாங்கிப் பார்த்தாள். இங்கிலீஷ் அவ்வளவாக வராது. ஆனால் ஆலங்கண்டிகை என்கிற பெயரின் எழுத்துகள் அவளுக்குத் தெரியும். மஞ்சள் பலகையில் மூன்று மொழியில் எழுதியிருந்ததை எத்தனை காலை பார்த்திருப்பாள். விரலால் தொட்டாள். தொட்டதும் எழுத்து பெரிதாகித் திரை முழுக்க வந்து நின்றது.

முனிகிருஷ்ணன் படிக்கச் சொன்னார். டில்லியில்தான் படிக்கவில்லை, இங்கேயாவது படியுங்கள் என்றார். அறைகளில் இருந்தவர்கள் நொண்டிக்கொண்டும் சுவரைப் பிடித்துக்கொண்டும் வந்து உட்கார்ந்தார்கள். கன்னிகா இங்கிலீஷைப் பார்த்துத் தமிழில் சொல்லிக்கொண்டே போனாள். ஆலங்கண்டிகை, சுற்றியுள்ள ஆறு கிராமங்கள். நானூற்றுப் பன்னிரண்டு பேர் கையொப்பம். முன்பு சீசன் டிக்கெட் வைத்திருந்தவர்கள் நூற்று அறுபத்து மூன்று பேர், பெரும்பாலும் பெண்கள். சாலை வழியாகப் போவதில் ஏற்படும் விபத்துகள். ஆகவே நிறுத்தத்தைத் திரும்பத் தரும்படியும், கட்டடத்தை இடிக்காமல் வைக்கும்படியும் மாண்புமிகு அமைச்சரைக் கேட்டுக்கொள்கிறேன்.

அவ்வளவுதான். கன்னிகா மேலே கீழே தள்ளித் தேடினாள். அந்த இரண்டு மணி நேர வரி இல்லை.

"எட்த்துட்டான்," என்றாள். "சொல்லச் சொல்ல எட்த்துட்டான் பாரு, பாவி."

தாட்சாயணிக்குக் கோபம் வரவில்லை. கேட்கவில்லை என்று இனி எழுத முடியாது. அது போதும் இன்றைக்கு. பதில் வர ஒரு மாதமோ அதற்கு மேலோ ஆகும், அது எப்படி வேண்டுமானாலும் வரட்டும். பதில் வராமல், தை பிறந்தாலும் வீட்டைப் பூட்டுவதில்லை என்று மகனிடம் சொல்ல அவளுக்கு ஒரு தாள் கிடைத்திருக்கிறது. ஆனாலும் அந்த வரி இருந்த இடம் பல் விழுந்த இடம் மாதிரி இருந்தது.

"எத எட்த்தான்?" என்று கேட்டார் முனிகிருஷ்ணன்.

கன்னிகா சொன்னாள். அது மட்டுமா, பதினோரு பக்கம் இருந்தது, நாங்களே பத்துப் பக்கத்தை வெட்டினோம் என்றாள்.

"அப்ப அத சொல்லுங்க." அவர் ரிமோட்டால் ஸ்டூலை இரண்டு முறை தட்டினார். "இங்க இருநூத்தம்பது கணக்கு கெடையாது. எனக்கு கால் சேர இன்னும் பதினெட்டு நாளு இருக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். கன்னிகா தொடங்குவாள் என்று தாட்சாயணி பார்த்தாள். கன்னிகாவோ சுவரில் சாய்ந்து, நீ சொல் என்பது போலக் காலை நீட்டிக்கொண்டாள்.

வெளியே ஸ்டேஷன் பக்கம் சாயங்கால வண்டியின் ஊதல் கேட்டது. திருப்பதியிலிருந்து திரும்புகிற வண்டி. புத்தூரை விட்டால் பதினோரு நிமிஷத்தில் ஆலங்கண்டிகையைத் தாண்டும். தாட்சாயணி கட்டுப் போட்ட கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். சம்பங்கியைச் சொல்லலாம், பூண்டைச் சொல்லலாம், ரவிக்கை ஊக்கைச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் வாயில் வந்தது பதினோரு பக்கத்திலும் எழுதாத ஒன்று. கன்னிகாவிடம்கூட அவள் அதைப் பேசினதில்லை.

"எங்க ஊட்டுக்காரரு தவறினப்ப," என்று தொடங்கினாள், "பதினாறு நாளு நான் வேலைக்குப் போவல. பதினேழாம் நாளு போயி ரயில் ஏறினேன். எப்பவும் நான் உக்கார்ற ஜன்னலோரம் காலியா இருந்துச்சு. பெட்டியில அவ்ளோ கூட்டம், நிக்க எடமில்ல, அது மட்டும் காலி. ஏதோ ஈரமா இருக்குது போலன்னு நெனச்சேன். அப்புறம்தான் ஒருத்தி சொன்னா. பதினாறு நாளும் அப்பிடித்தானாம். வேற யாராவது வந்து உக்காரப் போனா, மணியம்மா பூக்கூடைய தூக்கி அதுமேல வெச்சிக்கினு, ஆளு வருதுன்னு சொல்லிடுவாளாம். அவ்ளோதான் சொல்வாளாம். ஆளு வருது."